லாரி எஞ்சினில் ஹெட் கேஸ்கட் அடிக்கடி கெடுவதன் காரணங்களும் அவற்றைக் கண்டறியும் முறையும்

நெல்லையும் கரும்பையும் ஆலைகளுக்கு ஏற்றியனுப்பவும், உர மூட்டைகளை ஊருக்குக் கொணரவும் சொந்தத்தில் லாரி வைத்துள்ள நிலச்சுவான்தார்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் நேரும் செலவுகளில் எரிச்சலூட்டுவது ஹெட் கேஸ்கட் செலவாகும். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய எஞ்சினில் அது ஒருமுறை கெடுமாயின் அதில் வியப்பில்லை. ஆனால் புதியது போட்ட மூன்று மாதத்திற்குள் மறுபடியும் கெட்டு, அதையும் மாற்றியபின் அறுவடைச் சமயத்தில் மூன்றாம் முறையும் கெடுமாயின், கேஸ்கட்டின் மேல் பழி போடுவதும் கடைக்காரரை நிந்திப்பதும் பயனற்றவை. ஜுரம் நோயாளியின் உடலில் வேறொரு வியாதி இருப்பதைக் காட்டும் குறியாக இருப்பது போலவே, அடிக்கடி கெடும் கேஸ்கட்டும் எஞ்சினில் வேறொரு குற்றம் இருப்பதைக் காட்டும் குறியேயாகும். அக்குற்றத்தைத் தேடாமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர், முடிவில் ஹெட்டையும், பின்னர் பிளாக்கையும் இழப்பர். கடன் வாங்கி வாங்கிய லாரியாயின் தவணைப் பணமும் அதனோடு தவறும்.

இவ்விஷயம் வடசென்னைப் பக்கம் அடிக்கடி பேசப்படுவதற்குக் காரணமுண்டு. மணலியில் 1966ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மெட்ராஸ் உரத் தொழிற்சாலையின் மூட்டைகளை ஏற்றிச்செல்ல உள்நாட்டு லாரிகள் அங்கே வருகின்றன. சென்னைத் துறைமுகத்திற்கும், 2001 முதல் வேலை செய்துவரும் எண்ணூர்த் துறைமுகத்திற்கும் செல்லும் பெருவண்டிகளும் அவ்வழியே போகின்றன. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையில், 1923இல் தோன்றிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் தீப்பெட்டித் தொழிற்சாலையால் பெயர் பெற்ற விம்கோ நகர், 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயிலின் வடகோடி நிலையமாயிற்று. எனினும் லாரிக்காரர்களுக்கு அப்பகுதி எஞ்சின் பட்டறைகளாலேயே பரிச்சயமானது. மோட்டார்த் தொழிலும் அவ்வட்டாரத்திற்குப் புதியதன்று. ரகுநந்தன் சரண் என்பவர் 1948இல் எண்ணூரில் தோற்றுவித்த அசோக் மோட்டார்ஸ் கம்பெனி முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்று, 1950இல் இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியோடு உடன்பாடு செய்துகொண்டு லாரித் தொழிலில் இறங்கி, 1955 முதல் அசோக் லேலண்ட் என்னும் பெயரைப் பெற்றது.

கேஸ்கட்டின் வேலை

எஞ்சினின் அடிப்பாகமாகிய பிளாக்கில் சிலிண்டர்கள் உள்ளன. அவற்றை மூடும் மூடியே ஹெட். இரண்டும் இரும்பு வார்ப்புகள். எவ்வளவு நன்றாகச் சீவினும் இரும்பும் இரும்பும் காற்றுப் புகாதபடி ஒட்டா. ஆகையால் இடையில் ஒரு மெல்லிய தகடு வைக்கப்படுகிறது. முற்காலத்தில் செப்புத் தகடுகளுக்கு நடுவே கல்நார் வைத்துச் செய்தனர். இக்காலத்தில் பல எஃகுத் தகடுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கியே பெரும்பாலும் செய்கின்றனர். இத்தகடு மூன்று பொருள்களைத் தனித்தனியே காக்க வேண்டும்: எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், எண்ணெய். இவற்றில் எது எதனோடு கலந்தாலும் கேடு.

அது தாங்கும் பளு எவ்வளவென்பதை ஒரு கணக்கால் அறியலாம். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் வாய்ப்பரப்பு ஏறக்குறைய 78 சதுர சென்டிமீட்டர். டர்போ பொருத்திய டீஸல் எஞ்சினில் எரிபொருள் பற்றும்போது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 100 கிலோகிராமுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டாகும். அப்படியாயின் ஒரு சிலிண்டர் மட்டுமே ஹெட்டை ஏறக்குறைய 7,800 கிலோகிராம் பலத்தோடு மேலே தூக்குகிறது. நாற்பது கிலோ நெல் மூட்டைகள் 195 அளவின் பாரம் இது. எஞ்சின் நிமிஷத்திற்கு 2,000 சுற்றுச் சுற்றுங்கால், இந்த அடி அதே சிலிண்டரில் நிமிஷத்திற்கு 1,000 முறை விழுகிறது. இதைத் தாங்குவது உண்மையில் கேஸ்கட் அன்று. ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளே. போல்ட்டின் பிடி தளர்ந்தாலும், பிடிபடும் பரப்புகள் சமமாக இல்லாவிடினும் எவ்வளவு உயர்ந்த விலைக் கேஸ்கட்டும் நிலைக்காது.

உஷ்ணத்தால் வரும் தொல்லை மற்றொன்று. ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்பு ஹெட், காலையில் 30 டிகிரியிலிருந்து ஓட்டத்தில் 90 டிகிரிக்குச் சூடேறும்போது, முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளுகிறது. ஆறும்போது சுருங்குகிறது. பிளாக்கும் அவ்வாறே நீளினும் இரண்டும் ஒரே வேகத்தில் சூடேறுவதில்லை. எனவே கேஸ்கட் ஒவ்வொரு நாளும் இரு பரப்புகளுக்கிடையே தேய்க்கப்பட்டே வருகிறது. அளவுக்கு மீறிய சூடு வந்துவிட்டாலோ ஹெட் வளைந்தே போகும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது

ரேடியேட்டரில் நீர்க்குமிழி எழுந்ததும் "கேஸ்கட் போய்விட்டது" என்று ஹெட்டைக் கழற்றுவது பல பட்டறைகளில் வழக்கம். அது கேஸ்கட்தானா என்பதை உறுதி செய்யாமல் கழற்றுவது பெருந்தவறு. அடிக்கடி கேஸ்கட் மாற்றியும் குணமாகாத வண்டிகளில் சில, ஆதியிலிருந்தே கேஸ்கட் கெடாதவைகளாக இருக்கக்கூடும். கேஸ்கட்டைப் போலவே அறிகுறி காட்டும் வேறு உறுப்புகள் நான்கு உள்ளன.

காற்றுப் பிரேக் உள்ள லாரிகளில் எஞ்சினோடு சேர்ந்து ஓடும் ஏர் கம்ப்ரஸர் ஒன்றுண்டு. அதன் தலைப்பாகத்தை எஞ்சினின் நீரே குளிர்விக்கும் வண்டிகளில், அக்கம்ப்ரஸரின் சிறு கேஸ்கட் கெட்டாலும், தலை வெடித்திருந்தாலும் அழுத்தக் காற்று நீரில் புகுந்து ரேடியேட்டரில் குமிழிகளை எழுப்பும். பார்ப்பதற்கு ஹெட் கேஸ்கட் குற்றம் போலவே இருக்கும். இதை அறிய வழி எளிது: கம்ப்ரஸருக்குப் போகும் நீர்க்குழாய்களைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு, அல்லது அவ்விரண்டையும் ஒரு துண்டுக் குழாயால் இணைத்துவிட்டு எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். குமிழி நின்றுவிடுமாயின் ஹெட்டில் கை வைக்க வேண்டியதில்லை. இச்சோதனைக்கு அரை மணி நேரம் போதும். ஹெட்டைக் கழற்றிப் பூட்டவோ இரண்டு நாள் ஆகும்.

நீரில் எண்ணெய் மிதந்தால் ஆயில் கூலரையும் சந்தேகிக்க வேண்டும். அதன் உட்குழாய் அரித்துவிட்டால், எஞ்சின் ஓடுகையில் எண்ணெய் அழுத்தம் நீரின் அழுத்தத்தினும் அதிகமாகையால், எண்ணெய் நீருக்குள் வரும். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வகை வண்டிகள் பலவற்றிலும், அவற்றிற்கு முற்பட்ட சில வண்டிகளிலும் புகைவாயுவின் ஒரு பகுதியைக் குளிரச் செய்து எஞ்சினுக்குத் திருப்பியனுப்பும் கூலர் ஒன்று உள்ளது. அது ஓட்டையாயினும் நீர் குறைந்து வெண்புகை வரும்.

நான்காவது, லைனர் அரிப்பு. ஈர லைனர் உள்ள எஞ்சின்களில் நீர் நேரே லைனரின் வெளிப்புறத்தைத் தழுவி நிற்கிறது. பிஸ்டன் அடிக்குந்தோறும் லைனர் அதிர்கிறது. அவ்வதிர்வால் நுண்ணிய ஆவிக்குமிழிகள் தோன்றி உடைந்து, ஊசி குத்தினாற்போலக் குழிகளை உண்டாக்குகின்றன. நாளடைவில் ஒரு குழி லைனரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அதன்பின் இரவில் நீர் சிலிண்டரினுள் கசியும். கேஸ்கட்டை எத்தனை முறை மாற்றினும் இக்கசிவு நில்லாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவை நான்கும் அல்லவென்று தெரிந்தபின் கேஸ்கட்டைச் சோதிக்கலாம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீர்ப் பம்ப்பை ஓட்டும் பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஒரு நிமிஷத்திற்கு மேற்படாமல் ஓட்டுக. நீர் இன்னும் சூடேறாத அந்நேரத்தில் தொடர்ந்து குமிழி எழுமாயின் அது ஆவியாக இருக்கமுடியாது, எரிவாயுவே. சூடான எஞ்சினில் இச்சோதனை செய்வது பயனற்றது, அபாயகரமுமாகும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்து முகத்தையும் கைகளையும் வேகவைத்துக் கொண்டவர்கள் அநேகர்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய சில நிமிஷத்திற்குள் மேல் ஹோஸ் குழாய் கையால் அமுக்க முடியாதபடி விறைப்பதும் நம்பத்தக்க குறியே. எரிவாயு பட்டால் நிறம் மாறும் நீல மருந்துநீர் ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. ஆயினும் டீஸல் எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது காற்றை மிகுதியாகவும் எரிபொருளைக் குறைவாகவும் உட்கொள்வதால், அதன் வாயுவில் கரியமிலம் குறைவு. ஆதலால் எஞ்சினைச் சற்றுப் பாரத்தில் ஓட்டியே அம்மருந்தைப் பயன்படுத்த வேண்டும். நிறம் மாறவில்லை என்பதைக் கொண்டு கேஸ்கட் நல்லதென்று முடிவு கட்டுதல் சரியன்று.

எந்தச் சிலிண்டரில் குற்றம் என்பதை அறிய, கைப்பம்ப்பினால் ரேடியேட்டருக்கு அதன் மூடியில் குறித்த அளவு அழுத்தம் கொடுத்து, ஓரிரவு விட்டுவைத்து, மறுநாள் இஞ்செக்டர்களைக் கழற்றி எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றினால், நீர் புகுந்த சிலிண்டர் தானே காட்டிக்கொடுக்கும். நீர் புகுந்ததென்று சந்தேகமுள்ள எஞ்சினை ஸ்டார்ட்டரால் கிளப்பலாகாது. நீர் அமுங்காத பொருளாகையால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

பழைய கேஸ்கட்டே சாட்சி

ஹெட்டைக் கழற்றியவுடன் பழைய கேஸ்கட்டைக் குப்பையில் எறிந்துவிடுவது எங்கும் காணப்படும் வழக்கம். குற்றம் நடந்த இடத்தின் சாட்சியை அழிப்பதற்கு இது ஒப்பாகும். லாரிச் சொந்தக்காரர் அதைக் கேட்டு வாங்கி, எப்பக்கம் முன்புறம் என்று குறியிட்டு, தேதியையும் வண்டி ஓடிய கிலோமீட்டரையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் முறை கெடும்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பாதி வழக்கு தீர்ந்தாற் போலாகும்.

இரண்டு கேஸ்கட்டும் அதே சிலிண்டரருகே, அதே பக்கத்தில் எரிந்திருந்தால், குற்றம் அவ்விடத்து இரும்பில் இருக்கிறது: லைனர் தாழ்ந்திருக்கலாம், பிளாக்கின் பரப்பு அரித்திருக்கலாம், அங்குள்ள போல்ட் துளையின் மறை கெட்டிருக்கலாம், ஹெட்டில் வால்வுகளுக்கிடையே வெடிப்பு இருக்கலாம், அல்லது அந்தச் சிலிண்டரின் இஞ்செக்டர் மட்டும் தாறுமாறாகத் தெளிக்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறிடத்தில் எரிந்திருந்தால், எஞ்சின் முழுவதற்கும் பொதுவான காரணத்தைத் தேட வேண்டும்: அதிகச் சூடு, போல்ட் இறுக்கிய முறையில் பிழை, எரிபொருள் மிகுதி, அல்லது ஹெட் முழுவதும் வளைந்திருத்தல். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவிலுள்ள குறுகிய பாலம் எரிந்திருப்பது பெரும்பாலும் சூட்டினாலும் வளைவினாலும் வருவது. நீர்த்துளைகளின் ஓரம் அரித்துக் கரைந்திருப்பின் குற்றவாளி கெட்ட நீர். வட்டவிளிம்பின் பதிவு ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் லைனர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறதென்று கொள்க.

பழைய கல்நார்க் கேஸ்கட்டுகளை உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசியெழுப்பலாகாது. அத்தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. எண்ணெய் அல்லது நீர் தடவி ஈரமாக்கியே எடுக்க வேண்டும்.

அளந்து பார்த்தல்

ஈர லைனர் உள்ள எஞ்சின்களில் லைனரின் விளிம்பு பிளாக்கின் பரப்புக்குச் சற்று மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்நீட்டமே கேஸ்கட்டின் வளையத்தை அமுக்கிப் பிடிக்கிறது. அது மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு அளவே உடையது. தலைமயிரின் கனத்தை ஒத்தது. கண்ணால் காண முடியாத இவ்வளவில்தான் பெரும்பாலும் வழக்கு இருக்கிறது. லைனர் உட்காரும் படி, பல்லாண்டு அதிர்ச்சியால் தேய்ந்து தாழ்ந்துவிடின், அந்தச் சிலிண்டரில் கேஸ்கட் அரைகுறையாகவே அமுங்கும். புதிய கேஸ்கட் சில வாரங்கள் தாங்கும். பின்னர் அதே இடத்தில் வழிவிடும். அதே இடத்தில் மீண்டும் மீண்டும் கெடும் எஞ்சின்களில் முதன்முதல் அளக்க வேண்டியது இதுவே.

லைனரை அதன் படியில் நன்றாக அமுக்கிப் பிடித்து, ஒவ்வொரு லைனரிலும் நான்கு இடங்களில் டயல் கேஜ் வைத்து அளந்து எழுத வேண்டும். நீட்டம் எவ்வளவு இருக்கவேண்டும், பக்கத்து லைனர்களுக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கலாம் என்பவை எஞ்சினுக்கு எஞ்சின் மாறுபடும். ஆதலால் செய்தவர் வெளியிட்ட கையேட்டையே பார்க்க வேண்டும். மேஸ்திரியின் ஞாபகத்தை அன்று. படி தேய்ந்திருந்தால் அதைக் கடைந்து மெல்லிய வளையம் இட்டுச் சரிசெய்யும் வசதி நல்ல லேத் பட்டறைகளில் உண்டு.

ஹெட்டின் பரப்பை நேரான எஃகுச் சட்டம் வைத்து, நீளவாட்டிலும் அகலவாட்டிலும் மூலைக்கு மூலையும் ஃபீலர் கேஜால் சோதிக்க வேண்டும். ஏற்கத்தக்க வளைவு சாதாரணமாக மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே உள்ளது. வளைந்த ஹெட்டைச் சீவலாம். ஆனால் சீவுந்தோறும் கனம் குறைகிறது. எத்தனை முறை சீவலாம் என்பதற்கு வரம்புண்டு. மூன்று முறை கேஸ்கட் போட்ட வண்டியில் மூன்று முறையும் ஹெட்டைச் சீவியிருந்தால், அது வரம்பைக் கடந்திருக்கவும் கூடும். சீவுமுன் வெடிப்புச் சோதனையும், நீரழுத்தச் சோதனையும் செய்தல் அவசியம். பட்டறைகளில் அநேகமாய் மறக்கப்படுவது பிளாக்கின் மேற்பரப்பு. ஹெட்டைச் சீவுவது எளிது, பிளாக்கைச் சீவ எஞ்சினை இறக்க வேண்டும் என்பதாலேயே ஒன்று செய்யப்பட்டு மற்றது விடப்படுகிறது. வளைந்த பிளாக்கின் மேல் நேரான ஹெட்டை வைப்பதால் என்ன பயன்?

சில எஞ்சின்களுக்குக் கேஸ்கட் இரண்டு மூன்று கன அளவுகளில் வரும். பிஸ்டன் எவ்வளவு மேலே வருகிறதென்பதை அளந்து, அதற்கேற்ற கனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேஸ்கட்டின் ஓரத்திலுள்ள வெட்டுக்குறிகள் இக்கனத்தைக் காட்டுபவை.

போல்ட்டுகள்

போல்ட்டை முறுக்கும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே செலவாகிறது; எஞ்சியதே ஹெட்டை அமுக்கப் பயன்படுகிறது. ஆகையால் மறையில் துருவோ மண்ணோ இருந்தால், டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டினும் பிடி குறைவாகவே இருக்கும். மறைகளைச் சுத்தம் செய்து, கையேடு சொன்ன இடத்தில் மட்டும் எண்ணெய் தடவ வேண்டும். அடி மூடிய துளைகளில் எண்ணெயோ நீரோ தேங்கியிருப்பின், போல்ட் இறங்கும்போது அது ஒதுங்க வழியின்றிப் பிளாக்கையே பிளந்துவிடும். காற்றால் ஊதித் துளையை உலர்த்துவது இரண்டு நிமிஷ வேலை.

இறுக்குவது நடுவிலிருந்து தொடங்கி ஓரங்களுக்குச் செல்ல வேண்டும். ஒரேயடியாக அன்றிப் பல படிகளில் செய்ய வேண்டும். இக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் ஓரளவு முறுக்கியபின் இத்தனை டிகிரி திருப்பு என்று சொல்லப்பட்டிருக்கும். அவ்வகைப் போல்ட்டுகள் நீண்டு போகக்கூடியவை. நீளத்தை அளந்து, வரம்பைத் தாண்டியிருந்தால் புதியன போட வேண்டும். பழைய வகை எஞ்சின்களில் ஓடிச் சூடேறி ஆறியபின் மறுமுறை இறுக்குதல் விதிக்கப்பட்டிருக்கும். புதிய வகைகளில் அது கூடாதென்றும் இருக்கும். ஒன்றின் விதியை மற்றதற்குப் பொருத்தலாகாது.

நீரின் குற்றம்

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து விவசாயிகளுக்கு உப்பு நீரைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிணற்று நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது அவ்வட்டாரத்தில் 1969ஆம் ஆண்டளவிலேயே கண்டறியப்பட்டது. பின்னர் அது பல கிலோமீட்டர் உள்ளே பரவியது. பயிருக்கு ஆகாதென்று ஒதுக்கும் அந்த நீரையே லாரியின் ரேடியேட்டரில் ஊற்றுவது மட்டும் எப்படித் தகும்? உப்பு இரும்பை அரிக்கும். கடின நீர் உட்சுவரில் காரையாகப் படியும். காரை இரும்பைவிடப் பன்மடங்கு குறைவாகவே உஷ்ணத்தைக் கடத்துவதால், ரேடியேட்டரில் நீர் நிறைந்திருந்தும் ஹெட் கொதிக்கும்.

கம்பெனி சொன்ன கூலன்ட்டை, காய்ச்சி வடித்த நீரிலோ உப்பு நீக்கிய நீரிலோ குறித்த விகிதப்படி கலந்து ஊற்றுவதே முறை. நம் நாட்டில் நீர் உறையும் பயம் இல்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர் உண்டு. அது கொதிநிலையை உயர்த்துகிறது, துருவைத் தடுக்கிறது, மேற்சொன்ன லைனர்க் குழிகளையும் தடுக்கிறது. வழியில் வேறு கதியில்லாதபோது உப்புக் கிணற்று நீரைவிடச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்த மழைநீர் மேலானது. ஊர் சேர்ந்ததும் அதையும் வடித்துவிட்டு முறைப்படி நிரப்ப வேண்டும்.

ரேடியேட்டர் மூடியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மூடி அரைக் கிலோகிராம் அழுத்தம் தாங்கினால் நீர் 100 டிகிரிக்குப் பதிலாக 111 டிகிரியில்தான் கொதிக்கும். ஒரு கிலோகிராம் தாங்கினால் ஏறக்குறைய 120 டிகிரியில். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் இப்பாதுகாப்பு முழுவதும் போய்விடுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் தவறே. பல எஞ்சின்களில் அது திறக்கும்போது குறுக்கு வழியை அடைத்து நீர் முழுவதையும் ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அதை எடுத்துவிட்டால் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே சுற்றிச் சுற்றி வரும். பாரமேற்றிய வண்டி முன்னிலும் அதிகமாகச் சூடேறும்.

துறைமுக வாசலில் மணிக்கணக்காகக் காத்து நிற்பதால் எஞ்சின் கெடுகிறதென்று ஓட்டுநர்கள் சொல்வதில் பாதியே உண்மை. நின்று ஓடும் எஞ்சின் அதிக உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் வண்டி ஓடாதபோது காற்று வீச்சு இல்லாமையால், ஃபேன் பெல்ட்டின் தளர்ச்சியும், ரேடியேட்டர் இடுக்குகளில் படிந்த நிலக்கரித் தூளும் உப்புத் தூசியும் அங்கேதான் வெளிப்படுகின்றன. நிற்பது நோயன்று, நோயைக் காட்டுவது.

எரிபொருளும் ஓட்டுநரும்

வண்டி மேடேறவில்லையென்று எரிபொருள் பம்ப்பின் சீலை உடைத்து டீஸலைக் கூட்டிவைப்பதும், பற்றும் நேரத்தை முன்தள்ளி வைப்பதும் சிலிண்டர் அழுத்தத்தை உயர்த்துகின்றன. முன்னே கண்ட 7,800 கிலோகிராம் கணக்கு அப்போது எங்கே போய் நிற்குமோ சொல்ல முடியாது. மூன்று கேஸ்கட்டும் மூன்று இடங்களில் எரிந்து, நீரும் ஹெட்டும் போல்ட்டும் சரியாக இருக்கும் வண்டியில், பம்ப்பைச் சோதனை மேசையில் ஏற்றி அளக்காமல் நான்காவது கேஸ்கட் போடலாகாது.

கொதித்த எஞ்சினில் உடனே குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். எஞ்சினை நிறுத்தித் தானாக ஆறவிட்ட பிறகே ஊற்ற வேண்டும். நெடுந்தூரம் பாரமிழுத்து வந்த வண்டியை வந்தவுடன் அணைக்காமல் இரண்டு மூன்று நிமிஷம் மெதுவாக ஓடவிடுதல் ஹெட்டுக்கும் டர்போவுக்கும் நலம்.

கேஸ்கட்டே வேண்டாமென்று எண்ணிய பொறியாளர்களும் உண்டு. இங்கிலாந்தில் லேலண்ட் கம்பெனியார் 1960களின் இறுதியில் பிளாக்கையும் ஹெட்டையும் ஒரே வார்ப்பாகச் செய்து 500 வரிசை என்னும் எஞ்சினை வெளியிட்டனர். 1972இல் வந்த லேலண்ட் நேஷனல் பஸ்களிலும் அதைப் பொருத்தினர். கேஸ்கட் தொல்லை ஒழிந்தது மெய்யே. ஆனால் ஒரு வால்வைப் பழுது பார்க்கவும் எஞ்சினை அடியிலிருந்து முழுவதும் பிரிக்க வேண்டியதாயிற்று. நற்பெயர் கிட்டாமல் அவ்வகை பின்னர் கைவிடப்பட்டது.

பம்ப் செட்டுகளில்

இங்குக் கூறியவற்றிற் பெரும்பகுதி டிராக்டருக்கும் கிணற்று டீஸல் எஞ்சினுக்கும் பொருந்தும். இறைக்கும் நீரிலேயே ஒரு பகுதியைக் கொண்டு குளிர்விக்கப்படும் எஞ்சின்களில், கோடையில் கிணறு வற்றி உறிஞ்சுகுழாய் காற்றிழுக்கத் தொடங்கியதும் குளிர்ச்சியும் நின்றுவிடுகிறது. ஆள் கவனிக்குமுன் ஹெட் காய்ந்துவிடும். அவ்வெஞ்சினில் கேஸ்கட் ஆண்டுதோறும் கெடுமாயின் எஞ்சினைப் பார்க்குமுன் கிணற்றின் நீர்மட்டத்தையும் ஃபுட் வால்வையும் பார்ப்பது நன்று.

சங்கத்திற்குச் சொந்தமான வண்டியைப் பழுதுக்கு விடும் கிராம அதிகாரிகளும் சங்கச் செயலாளர்களும், பட்டறைப் பில்லில் "ஹெட் கேஸ்கட் மாற்றியது" என்ற ஒரு வரியை மட்டும் ஏற்றுப் பணம் கொடுக்கலாகாது. ஒவ்வொரு லைனரின் நீட்டம், ஹெட், பிளாக் இரண்டின் வளைவு, சீவியதாயின் எவ்வளவு, போல்ட் பழையதா புதியதா, எவ்வளவு முறுக்கப்பட்டது, ரேடியேட்டர் மூடியும் தெர்மோஸ்டாட்டும் சோதிக்கப்பட்டனவா என்பவற்றை எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்படி கேட்க வேண்டும். அளக்கும் கருவி இல்லாத பட்டறை இதை எழுதித் தரமாட்டாது. அப்போது ஹெட்டைக் கழற்றுமுன்னரே வண்டியை வேறிடத்திற்குக் கொண்டு போய்விடலாம்.